உ.வே.சா. எழுதியதாகச் சொல்லப்படும் அஞ்சலட்டை: வாங்கும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

குடந்தை வாசகர்:
வணக்கம். பழைய கடிதங்களைச் சேர்க்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள்தாம் ஆகின்றன. பழைய தாள் வணிகர் ஒருவர், டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1934இல் தம் கைப்பட எழுதியது என்று ஓர் அஞ்சலட்டையைக் காட்டினார். ஓலை ஏட்டுப் பிரதி ஒன்றை அனுப்பி உதவியவருக்கு நன்றி சொல்லும் ஏழு வரிகள். நீலக்கறுப்பு மை பழுப்பேறியிருக்கிறது. நடுவில் கம்பியில் குத்தி வைத்த துளை தெரிகிறது. விலை என் மாதச் சம்பளத்தில் பாதி. கையொப்பம், அச்சில் நான் பார்த்த அவருடைய ஒப்பத்தோடு ஒத்திருக்கிறது. மேலே உள்ள வரிகளின் கையெழுத்து ஒத்துவரவில்லை. போலி என்று விட்டுவிடலாமா?

பழந்தாள்:
அவசரப்பட வேண்டாம், ஐயா. 1934இல் ஐயரவர்களுக்கு எண்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. முதுமையில் அவர் சொல்லச் சொல்ல உடனிருந்த மாணவர்கள் எழுதியதுண்டு. ஆகவே வாசகம் ஒரு கையாகவும் ஒப்பம் மற்றொரு கையாகவும் இருப்பதால் மட்டும் அது போலியாகிவிடாது. ஆனால் 'கைப்பட எழுதியது' என்பதற்கான விலையை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் அட்டையில் அச்சிட்டுள்ள பிரிட்டிஷ் அரசரின் தலையைப் பாருங்கள். தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ் என்றால் சரி; மழித்த முகமுள்ள ஆறாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தது 1936 டிசம்பரில்தான். அஞ்சல் முத்திரையில் உள்ள ஊரும் நாளும் உள்ளே எழுதியவற்றோடு பொருந்த வேண்டும். அவர் அப்போது திருவல்லிக்கேணியை ஒட்டிய திருவேட்டீசுவரன்பேட்டையில் வாழ்ந்தார். அடுத்தது எழுத்து வடிவம். அக்காலத்தவர் லை, னை, ணை, ளை ஆகியவற்றைத் துதிக்கைக் கொம்போடுதான் (எழுத்தோடு சேர்ந்து யானைத் துதிக்கை போல வளையும் பழைய ஐகாரக் குறி) எழுதினார்கள். இன்றைய வடிவம் 1978 அரசாணைக்குப் பிறகே பொதுவழக்காயிற்று. பெரியாரின் இதழ்களில் அது 1935இலேயே வந்துவிட்டது என்றாலும், ஐயரவர்களின் வீட்டில் எழுதப்பட்ட கடிதத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. போலி செய்கிறவர்கள் மையையும் தாளையும் பழசாக்கிவிடுவார்கள். கைப்பழக்கம் எங்கோ ஓரிடத்தில் அவர்களைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பாரிஸில் மிஷெல் ஷால் என்ற பெரிய கணிதமேதை, கிளியோபாட்ரா பிரெஞ்சு மொழியில் எழுதிய கடிதத்தைக்கூட நம்பி வாங்கினார். விற்ற வ்ரேன்-லூக்கா என்பவர் 1870இல் சிறை சென்றார். ஆசை கண்ணை மறைத்தால் படிப்பு துணைக்கு வராது.

தாள் பேணுநர்:
வாங்கினால், தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். என் தந்தைக்கு ஒரு நாடக ஆசிரியர் எழுதிய கடிதத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, ஒரு கடையில் கொடுத்து நானே அப்படிச் செய்தேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்க வழியே இல்லை. எழுத்துகள் உள்ளே மங்கிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய நீலக்கறுப்பு மையில் பெரும்பாலும் இரும்புச் சத்தும் அமிலமும் உண்டு; ஈரம் பட்டால் அது தாளையே அரிக்கும். அமிலமற்ற தாளுறையில் இட்டு, வெளிச்சம் படாமல் உலர்ந்த இடத்தில் கிடத்தி வையுங்கள். ஒட்டுநாடா கூடவே கூடாது.

ஏட்டுலகம்:
அட்டை உங்களுடையதானாலும் அதிலுள்ள வாசகத்தின் பதிப்புரிமை அதனோடு வருவதில்லை. வெளியிடும் முன் அதை விசாரியுங்கள். 75 ஆண்டு கடந்த இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படிகள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. ஐயரவர்கள் தமக்கு வந்த கடிதங்களைப் போற்றி வைத்தார். அவை பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கின்றன. அவர் எழுதியவையோ பெற்றவர்களின் வீடுகளில் சிதறிக் கிடக்கின்றன. உங்கள் அட்டையைப் பெற்றவர் எழுதிய கடிதம் அங்கே இருந்தால், எந்த ஏடு, யார் கொடுத்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

குடந்தை வாசகர்:
மூவருக்கும் நன்றி. இன்று மீண்டும் போய்ப் பார்த்தேன். அட்டையில் தாடி வைத்த அரசர்தான். 'இல்லை' என்ற சொல்லில் துதிக்கையும் இருக்கிறது. முத்திரையில் ஊர் தெரிகிறது, ஆண்டு அழிந்திருக்கிறது. வணிகர் இரு பக்கங்களையும் படமெடுக்க அனுமதித்தார். பணம் கொடுப்பதை ஒத்திவைத்து, முகவரியிலுள்ள பெயரோடு முதலில் நூலகத்துக்குப் போகிறேன்.