தொண்டிப் பக்கம் விண்ட்சர்ஃபிங்: கடல் அறிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். காரைக்குடியிலிருந்து தொண்டிக் கடற்கரைக்கும் பக்கத்து ஆற்று முகத்துவாரத்துக்கும் விண்ட்சர்ஃபிங் பலகையோடு (பாய்மரம் பொருத்தி, காற்றின் விசையில் நின்றபடி ஓட்டுவது) வருகிறோம். கரை கிழக்கு பார்த்தது. ஆடிக் கச்சான் (மேற்குப் பக்கமிருந்து வீசும் காற்று) ஆளைக் கடலுக்குள்தான் தள்ளும். அதோடு வற்றமும் (கடல்நீர் இறங்கும் நேரம்) சேர்ந்தால் முகத்துவாரத்து நீரோட்டமும் வெளியே இழுக்கும், பாய் விழுந்தால் கரை சேர்வது பெரும்பாடு. ஆகவே ஏற்றத்தில் (நீர் ஏறும் நேரத்தில்) மட்டுமே இறங்குவோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு எவ்வளவு கடுமை? மணல்திட்டு இப்போது எந்தப் பக்கம்?

பாக் விரிகுடா ஆழமில்லாதது, கடற்புல் வேறு ஃபின்னில் (பலகையின் அடியில் இருக்கும் துடுப்பு போன்ற தகடு) சுற்றும். 140 லிட்டர் பலகை, 6.5 சதுர மீட்டர் பாய். 42 செ.மீ. நேர் ஃபின்னுக்குப் பதில் பின்சாய்ந்த 30 செ.மீ. போட்டால் புல் வழுக்கிப் போகும். ஆனால் இந்தப் பாய்க்குப் பிடிமானம் போதுமா? வலை கட்டும் இடங்களையும் அவசியம் சொல்லுங்கள், மீனவர் வலை அறுபடக் கூடாது.