விக்கித் தலைப்பில் மரவரிசை வேண்டுமா? துணைப்பக்கமா, தனித்தலைப்பா?

வேளச்சேரிவாசி

லிபர்ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளுக்கான நம் தமிழ் உதவி விக்கியில் "அமைப்புகள்" என்று ஒரு பக்கம், "அமைப்புகள் 2" என்று ஒன்று, "புதிய அமைப்புகள்" என்று இன்னொன்று. முதலாவது ரைட்டருக்கு (ஆவணம் எழுதும் செயலி), அடுத்தது கால்குக்கு (விரிதாள் செயலி), மூன்றாவது அச்சுப்பொறிக்கு. திறந்து படித்தால்தான் தெரிகிறது. எல்லாத் தலைப்பையும் செயலி/பகுதி/வேலை என்று மூன்று படியாக மாற்றலாம் என்கிறேன். உதாரணம்: "ரைட்டர்/அச்சிடல்/இருபுறமும் அச்சிடுதல்". சாய்கோட்டுக்குப் பின் வருவது துணைப்பக்கம், முன் இருப்பது அதன் தாய்ப்பக்கம்; தாய்ப்பக்கத்துக்கு இணைப்பு மேலே தானாக வந்துவிடும். முன்னொட்டுப் பட்டியலில் "ரைட்டர்/" என்று தேடினால் கிளை முழுவதும் கிடைக்கும். நகர்த்தும்போது துணைப்பக்கங்களையும் சேர்த்தே நகர்த்தலாம். மறுப்பு இருந்தால் இந்த வாரமே சொல்லுங்கள்.

மயிலைக்காரன்

மறுப்பு இருக்கு சார், பலமாவே இருக்கு. "அமைப்புகள் 2" ஒழியணும், அதுல எனக்கும் சம்மதம். ஆனா தலைப்புங்கிறது பக்கத்தோட பேரு, விலாசம் இல்ல. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா, பகுதி பிரிக்கிற விதம் மாறும்போதெல்லாம் பேரையும் மாத்திக்கிட்டே இருக்கணும்.

"பிடிஎஃப் கோப்பில் தமிழ் எழுத்து உடைதல்" பக்கத்தை எங்க வைப்பீங்க? ரைட்டர் கீழயா, எழுத்துரு கீழயா, ஏற்றுமதி கீழயா? மூணுக்கும் சொந்தம். துணைப்பக்கத்துக்குத் தாய் ஒண்ணுதான். பகுப்புன்னா, அதாவது பக்கத்துக்குப் போடுற வகைப் பேருன்னா, மூணும் போடலாம்.

நீளத்தையும் பாருங்க. தலைப்புக்கு எல்லை 255 பைட். தமிழ்ல ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "கி"ன்னு எழுதினா எழுத்தும் கொக்கியும் சேர்ந்து 6. "நிர்வாகிகள் கையேடு/நிறுவல்/லினக்ஸ்/உபுண்டு/பிரச்சினைகளும் தீர்வுகளும்" — இதுல தமிழ்க் குறியீடு 63, சாய்கோடும் இடைவெளியும் 6. மொத்தம் 195 பைட். மிச்சம் இன்னும் 20 குறியீட்டுக்குத்தான் இடம். இந்த முகவரியை நகலெடுத்து மடல்ல ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் %E0 மாதிரி மூணெழுத்துச் சதவீதக் குறியா மாறினா, தமிழ்ப் பகுதி மட்டும் 567 எழுத்து. நடுவுல வரி முறிஞ்சா இணைப்பே செத்துடும்.

தாம்பரம்_சர்வர்

முடிவு எதுவானாலும் இதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். நம் விக்கியை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் முதன்மைப் பெயர்வெளிக்கு, அதாவது சாதாரணப் பக்கங்கள் இருக்கும் பிரிவுக்கு, துணைப்பக்க வசதி இயல்பாக அணைந்திருக்கும். லோக்கல்செட்டிங்ஸ் என்ற அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால்தான் சாய்கோடு வேலை செய்யும். அதுவரை அது தலைப்பில் உள்ள வெறும் எழுத்து. இயக்கிய பிறகு எதிர்பாராத ஒன்று நடக்கும்: "டிசிபி/ஐபி" என்ற இணைய நெறிமுறைப் பக்கத்தை "டிசிபி"யின் துணைப்பக்கமாக எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட தலைப்புகளை முன்பே தேடி மாற்ற வேண்டும்.

நடுவில் ஒரு தாய்ப்பக்கத்தை உருவாக்காமல் விட்டால் அந்தப் படிக்கு இணைப்பு வராது. சேர்த்து நகர்த்துவதிலும் இயல்பான உச்சவரம்பு ஒரு முறைக்கு 100 பக்கம்.

வேளச்சேரிவாசி

நீளம் பற்றிய கணக்கை ஒப்புக்கொள்கிறேன். மூன்று படிக்கு மேல் கூடாது என்று விதி வைப்போம். ஆனால், நண்பரே, பகுப்பை நம்புவதில் உள்ள ஓட்டையை நீங்கள் சொல்லவில்லை. பகுப்பின் பெயரை மாற்றினால் பகுப்புப் பக்கம் மட்டும்தான் நகரும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் பழைய பெயரே எழுதியிருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டும். துணைப்பக்கத்தில் அந்த வேலை இல்லை.

பெயர் மாறினால் என்ன ஆகும் என்ற பயமும் தேவையில்லை. நகர்த்தினால் பழைய தலைப்பில் வழிமாற்று நிற்கும், திறப்பவரைப் புதுத் தலைப்புக்கு அனுப்பிவிடும். அண்ணா சாலை ஆன பிறகும் மவுண்ட் ரோடு என்று சொன்னால் ஆட்டோக்காரர் சரியான இடத்துக்குத்தானே போகிறார்?

மயிலைக்காரன்

போறார் சார், மவுண்ட் ரோடுன்னு வேற ஒரு ரோடு போடாத வரைக்கும். விக்கியில போட்டுடுவாங்க. லினக்ஸ் பத்தின "நிறுவல்" பக்கத்தை நகர்த்தின பிறகு அந்தப் பேரு வழிமாற்றா இருக்கும். புதுசா வந்தவர் அதைத் திறந்து, காலியா இருக்குன்னு நினைச்சு, விண்டோஸ் நிறுவலை அங்க எழுதிடுவார். "நிறுவல்"னு இணைப்பு கொடுத்த பழைய பக்கம் எல்லாம், லினக்ஸ் பத்திப் படிக்க வந்தவரை விண்டோஸுக்கு அனுப்பும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. அதனால யாரும் கவனிக்கவும் மாட்டாங்க. எனக்கு இதுதான் ரொம்பக் கவலை. உடைஞ்ச இணைப்பு சிவப்பா தெரியும். தப்பான இடத்துக்குப் போற இணைப்பு நீலமாவே இருக்கும்.

ரெண்டாவது, அடுக்கை மறுபடி மாத்தினா வழிமாற்றுக்கு வழிமாற்று. மீடியாவிக்கி ஒரு தாவல்தான் தாவும். இரண்டாவதுல வாசகர் வெறும் வழிமாற்றுப் பக்கத்துல நிப்பார். "../" (ஒரு படி மேலன்னு அர்த்தம்) போட்டு எழுதின சார்பு இணைப்பு வேற இருக்கு, பக்கத்தை வேற கிளைக்கு மாத்தினா அது புதுத் தாயைத்தான் காட்டும்.

பகுப்புப் பிரச்சினைக்கு வழி உண்டு. பகுப்பை நேரா எழுதாதீங்க. பக்கத்து மேல ஒரு வார்ப்புரு (பல பக்கமும் சேர்த்துக்கிற பொது அச்சு): செயலி = ரைட்டர், பகுதி = அச்சிடல். வார்ப்புருவே பகுப்பைப் போடும். பேரு மாறினா வார்ப்புருவுல ஒரே திருத்தம்.

தாம்பரம்_சர்வர்

வார்ப்புரு வழி சரி. ஆனால் உடனே மாறாது. வேலை வரிசை (விக்கி பின்னணியில் செய்யும் வேலைகளின் பட்டியல்) ஓடி முடியும்வரை பாதிப் பக்கம் பழைய பகுப்பிலேயே தெரியும். அதைப் பார்த்து யாரும் கையால் திருத்தத் தொடங்க வேண்டாம்.

வெளியே கொடுக்கும் இணைப்புக்குத் தலைப்பே தேவையில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் உண்டு. நகர்த்தினாலும் அது மாறாது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு 2019-ல் நீண்ட பெயர் வந்தது, எம்ஏஎஸ் என்ற குறியீடு அப்படியே இருக்கிறது, அதைப் போல. மடலிலும் அச்சுக் கையேட்டிலும் எண் இணைப்பையே கொடுங்கள்.

பெரம்பூர்_மொழிபெயர்ப்பு

இரண்டு பேரும் ஆங்கில விக்கியை மனதில் வைத்தே பேசுகிறீர்களோ என்று தோன்றுகிறது. தமிழில் எழுதும்போது வரும் சிக்கலே வேறு.

ஆங்கிலத்தில் இணைப்புச் சொல்லுக்குப் பின்னால் ஒரு எழுத்தை ஒட்டினால் போதும். நமக்கு வேற்றுமை உருபு சேரும்போது சொல்லே மாறுகிறது. "நிறுவல்" என்பது "நிறுவலை" ஆகிறது. "சட்டகம்" என்பது "சட்டகத்தில்" ஆகிறது. ஒவ்வொரு முறையும் குத்துக்கோடு (|) போட்டு, தலைப்பை ஒரு பக்கமும் காட்ட வேண்டிய சொல்லை மறுபக்கமும் எழுத வேண்டும். தலைப்பு மூன்று படி நீளம் என்றால் ஒரு வாக்கியத்துக்குள் அதை எழுதவே மனம் வராது. இணைப்பே கொடுக்காமல் விட்டுவிடுவார்கள். அதனால் என் வாக்கு குட்டித் தலைப்புக்கு. மயிலை அண்ணா பக்கம்தான், ஆனால் காரணம் இது.

அடுத்தது எழுத்துக்கூட்டல். மௌஸ், மெளஸ், மவுஸ், சுட்டி: நான்கும் நான்கு தலைப்பு. முதல் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஒன்றில் ஔகாரக் குறி, மற்றதில் ஒற்றைக்கொம்பும் ள என்ற எழுத்தும். விக்கி இதை இயல்பாக்கிச் சேர்த்துக்கொள்ளாது. ஒன்றைத் தேர்ந்து, மற்ற மூன்றையும் வழிமாற்றாக்குங்கள். மயிலை அண்ணா சொன்ன ஆபத்து இதில் வராது. எல்லாம் ஒரே பொருள்தானே.

வேலையைச் சொல்லும் பக்கத்துக்கு "நிறுவல்", "நிறுவுதல்", "நிறுவுவது எப்படி" என்று கலந்து வைக்காமல் தொழிற்பெயர் ஒன்றே போதும். பொருளுக்கு ஒருமை: "எழுத்துருக்கள்" வேண்டாம், "எழுத்துரு".

வேளச்சேரிவாசி

குத்துக்கோட்டு வாதம் என்னை அசைத்துவிட்டது, உண்மை. ஆனால் "அமைப்பு" என்ற குட்டித் தலைப்பு எந்தச் செயலிக்கு?

மயிலைக்காரன்

செயலி பேரு தலைப்புலயே வரட்டும், சாய்கோடு இல்லாம: "ரைட்டர் அமைப்பு", "கால்க் அமைப்பு". மோதுற பேருக்கு மட்டும். மத்ததுக்கு வேண்டாம்.

பதிப்பு எண்ணும் தலைப்புல வேண்டாம். லிபர்ஆபிஸ் 7.6-க்கு அப்புறம் 2024-ல 24.2-ன்னு எண் முறையே மாறிச்சு. பதிப்பை வார்ப்புருவுல போடுங்க.

தாம்பரம்_சர்வர்

பகுப்புகளை நம்பப்போகிறோம் என்றால் அகரவரிசையையும் சரிசெய்ய வேண்டும். இயல்பான வரிசை யூனிகோடு எண்படிதான். அதில் ன, ந-வுக்கு அடுத்து நிற்பதால் "அனுமதி" முன்னாலும் "அமைப்பு" பின்னாலும் வரும்; அகராதிப்படி தலைகீழ். தமிழ் வரிசை முறையை அமைத்து, வரிசையைப் புதுப்பிக்கும் நிரலை ஒருமுறை ஓட்டுகிறேன். அதற்குச் சர்வரில் பிஎச்பி நிரல்மொழியின் இன்டல் என்ற பன்மொழி நீட்சி வேண்டும்.

வேளச்சேரிவாசி

அப்படியானால் என் முன்மொழிவைத் திருத்துகிறேன். உதவிப் பக்கங்களுக்குத் தனித்தலைப்பு, பெரம்பூர் சொன்ன சொல் வடிவத்தில். ஆனால் நிர்வாகிகள் கையேட்டுக்குத் துணைப்பக்கம் வேண்டும் என்பதை விடமாட்டேன். அது முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்கும் நூல். அதன் அத்தியாயம் வேறெங்கும் போகாது.

மயிலைக்காரன்

அதுக்கும் தனிப் பெயர்வெளி போதும்னுதான் நான் சொல்வேன். ஆனா அதுக்காக மத்ததை நிறுத்த வேண்டாம். முதல்ல அச்சிடல் பகுதியை மட்டும் செய்யலாம்.

தாம்பரம்_சர்வர்

பெயர்வெளி என்றால் எண் 100-க்கு மேல், இரட்டைப்படை. பேச்சுப் பக்கத்துக்கு அடுத்த ஒற்றைப்படை. அதே முன்னொட்டில் ஏற்கெனவே பக்கங்கள் இருந்தால் அவை அணுக முடியாமல் போகும், அதற்குத் தனி நிரல் ஓட்ட வேண்டும்; ஆகவே பக்கம் தொடங்குமுன் என்னிடம் சொல்லுங்கள்.

அச்சிடல் பகுதிக்கு வரிசை இது. தரவுத்தளக் காப்பு நான் எடுத்ததும் இங்கே சொல்கிறேன். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் "இப்பக்கத்தை இணைத்தவை" பார்த்து, நகர்த்தி, வந்து சேரும் இணைப்புகளைப் புதுத் தலைப்புக்குத் திருத்துங்கள். அன்றே "இரட்டை வழிமாற்றுகள்" பட்டியலைக் காலி செய்யுங்கள். "அமைப்புகள் 2" பக்கத்தை மட்டும் வழிமாற்று விடாமல் நகர்த்தித் தருகிறேன், அதற்கு நிர்வாகி அணுக்கம் வேண்டும்.