14 நாள், 17 வீடு

குழு: இணுவில் வளவு

டிசெம்பர் 20

5:48 தம்பி: அக்கா ஆட்களை நேற்றிரவு வெள்ளவத்தையில் பஸ் ஏற்றிவிட்டேன். பெட்டி 6. ஒன்று முழுக்கச் சொக்லேட். எங்கே வருகிறார்கள்?

5:53 நான்: ஆனையிறவு தாண்டிவிட்டோம். இரண்டு பக்கமும் வெள்ளம், நடுவில் கொக்குகள். பிள்ளைகள் நித்திரை. பஸ்ஸுக்குள் ரொறன்ரோவைவிடக் குளிர்.

5:55 அப்பா: வருக. ஒரு நினைவூட்டல். இந்தக் குழுவில் எழுத்துத் தமிழ் மட்டும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுபவருக்கு நாளை இடியப்பம் இல்லை.

5:56 தம்பி: நான் கொழும்பில் இருந்துகொண்டு எப்படி அப்பா இடியப்பம் சாப்பிடுவது?

5:56 அப்பா: அதனால்தான் உனக்குத் தண்டனை உறைப்பதில்லை.

9:30 பெரியண்ணா: தங்கச்சி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு இதைப் பார். போக வேண்டிய வீடுகள் 17. நீ செத்தவீட்டுக்கு வராத 4 வீடும் முதலில். பிறகு கலியாணத்துக்கு வராத 5. மிச்சம் சும்மா போகிற வீடுகள்.

9:41 நான்: அண்ணா, எனக்கு இருப்பதே 14 நாள்.

9:42 பெரியண்ணா: ஓம். அதனால்தான் சில நாட்களுக்கு இரண்டு வீடு போட்டிருக்கிறேன்.

9:44 நான்: நான் படித்த கம்பஸுக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு, ஒரு நாள் எங்கே?

9:45 பெரியண்ணா: கம்பஸில் உனக்கு யார் இருக்கிறார்கள்? படிப்பித்தவர்களில் பாதிப்பேர் ஓய்வு, உன்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் உன் தெருவில்தான் இருக்கிறார்கள், ஸ்காபரோவில்.

9:52 கோப்பாய்ச் சித்தி: பிள்ளை, எங்கள் வீடு 31ஆம் திகதி மதியம். கூழ். பாசையூரில் நண்டுக்குச் சொல்லிவிட்டேன். மாற்றக்கூடாது.

டிசெம்பர் 26

4:50 நான்: யாராவது விழித்திருக்கிறீர்களா? தெருவில் சங்கும் சேமக்கலமும் கேட்டு, தீ எச்சரிக்கை மணி என்று மகன் சப்பாத்தோடு முற்றத்துக்கு ஓடிவிட்டான்.

4:51 அண்ணி: திருவெம்பாவை என்று சொல்லுங்கள். பத்து நாளும் வருவார்கள்.

4:58 நான்: சொன்னேன். ‘எங்களை எழுப்பத்தான் வருகிறார்களா? அப்படியென்றால் அது எச்சரிக்கை மணிதானே?’ என்கிறான்.

5:02 அப்பா: அவன் சொல்வதில் பிழை இல்லை.

5:10 நான்: இங்கே 23 பாகை. பெரியண்ணா கம்பளித் தொப்பியும் கழுத்துச் சால்வையும். மகள் கையில்லாத சட்டையோடு கிணற்றடியில். அங்கே எங்கள் வீட்டு வாசலில் இப்போது உறைநிலைக்குக் கீழே 12. யார் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று பார்த்தால் விளங்காது.

5:12 பெரியண்ணா: மார்கழிப் பனி தலையில் இறங்கினால் தடிமன். உனக்கு எல்லாம் மறந்துவிட்டது.

டிசெம்பர் 28

20:15 நான்: வீடு 11 முடிந்தது. எல்லா வீட்டிலும் ஒரே தட்டு: கேக் ஒரு துண்டு, கொழுக்கட்டை இரண்டு, சீனி மூன்று கரண்டி போட்ட தேநீர். எல்லாரும் கேட்டது ‘எப்போது திரும்பிப் போகிறீர்கள்?’ வந்தவளைக் கேட்கிற முதல் கேள்வியா இது?

20:17 அண்ணி: அடுத்த வீட்டுக்காரர் உங்களை எப்போது பிடிக்கலாம் என்று கணக்குப் பார்க்கத்தான்.

20:20 நான்: ஒன்று மட்டும் நன்றாக இருந்தது. பகல் மலாயன் கபேயில் வாழையிலையில் சாப்பாடு. முடிந்ததும் இலையைத் தானே எடுத்துப் போட வேண்டும் என்றதும் மகளுக்கு ஒரே சந்தோசம். இரண்டாம் முறை போடுவதற்காக இன்னொரு வடை கேட்டாள்.

20:31 நான்: கம்பஸ் பற்றி மறுபடியும் கேட்கிறேன்.

20:40 பெரியண்ணா: பட்டியலில் இடமில்லை.

20:41 அப்பா: 31ஆம் திகதி காலை நான் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகிறேன். பை தூக்க ஒருவர் தேவை.

டிசெம்பர் 31

13:05 கோப்பாய்ச் சித்தி: கூழ் இறக்கிவிட்டேன். எங்கே நிற்கிறீர்கள்?

13:20 கோப்பாய்ச் சித்தி: பிள்ளை?

13:21 பெரியண்ணா: அப்பா, எந்தச் சந்தை இவ்வளவு நேரம்?

14:36 நான்: சித்தி, மன்னியுங்கள். மழையில், சந்தைக்குப் பக்கத்திலுள்ள கம்பஸுக்குள் அகப்பட்டுவிட்டோம். கைபேசி பைக்குள், பை கத்தரிக்காய்க்குக் கீழே.

14:38 நான்: வாசலில் காவலர் கொப்பியை நீட்டினார். பெயர், முகவரி, வந்த நோக்கம். நோக்கத்தில் என்ன எழுதுவது? ‘பார்க்க’ என்று எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, ‘இது வினையெச்சம், வசனம் முடியவில்லை’ என்றார். காவலருக்கும் சிரிப்பு. கட்டம் சின்னது, அப்படியே விட்டோம்.

14:40 தம்பி: அக்கா, வாய்ப்பன் கடை இருக்கிறதா?

14:44 நான்: இல்லை. அந்த இடத்தில் போட்டோப்பிரதிக் கடை. மற்றதெல்லாம் இருக்கிறது, ஆனால் இடையில் புதுக் கட்டடங்கள் எழும்பி நின்று ஒன்றை ஒன்று மறைக்கின்றன. கைலாசபதி கலையரங்கைத் தேடி நான் எதிர்ப்பக்கம் நடந்தேன். நான்கு வருடம் படித்த இடத்தில் எனக்கு வழி காட்டியது அப்பா.

14:47 அப்பா: எனக்கு அங்கே வழி தெரியாமல் யாருக்குத் தெரியும்? 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் என்று அதைத் திறந்தபோது உள்ளே போன முதல் தொகுதியில் நானும் ஒருவன். பேராசிரியர் கைலாசபதி அதன் முதல் தலைவர். 1979இல்தான் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. நாங்கள் இன்னும் ‘வளாகம்’ என்கிறோம், நீங்கள் ‘கம்பஸ்’ என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான்.

14:49 அப்பா: அதற்கு முன் அது பரமேஸ்வராக் கல்லூரி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கியது. கோயில் அதனால்தான் உள்ளே இருக்கிறது.

14:58 நான்: அந்தக் கோயிலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மழைக்கு அங்கே ஒதுங்கினோம். அப்பா நேராகப் போய் ஒரு தூணோடு சாய்ந்து உட்கார்ந்தார். தேடவில்லை, இடம் பார்க்கவில்லை, துவாயால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். ‘படிக்கிற காலத்து இடமா?’ என்று கேட்டேன். ‘இல்லை, உன் காலத்து இடம்’ என்றார்.

15:01 நான்: 2006 ஓகஸ்டில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 வீதியைப் பூட்டிய பிறகு, ஊரடங்கு எப்போது வரும் என்று தெரியாமல் இருந்தோமே. அப்போது பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் வந்து அந்தத் தூணடியில் இருந்திருக்கிறார். என் விரிவுரை முடிந்து நான் சிநேகிதிகளோடு வெளிக்கிட்ட பிறகு, நூறு யார் பின்னால் இணுவில்வரை வந்திருக்கிறார். பலாலி வீதியில் நான் ஒருநாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

15:02 தம்பி: எங்களுக்குக் கோயிலுக்குப் போகிறேன் என்றுதானே சொல்வார்?

15:03 அப்பா: கோயிலுக்குத்தான் போனேன். அதுவும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்.

15:06 பெரியண்ணா: எல்லா நாளும். அந்தச் சைக்கிளின் பின் சில்லுக்குக் காற்றடித்தவன் நான்.

15:06 நான்: அண்ணா, உங்களுக்குத் தெரியுமா?

15:07 பெரியண்ணா: தெரியும். சொன்னால் நீ சண்டை பிடித்திருப்பாய்.

15:09 நான்: பிடித்திருப்பேன்.

15:11 அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

15:12 தம்பி: அப்பா, என்ன எழுதினீர்கள்?

15:15 அப்பா: எழுத்துப்பிழை.

15:24 கோப்பாய்ச் சித்தி: எல்லாம் சரி. பிலாவிலை கோலி, பனையோலைப் பெட்டியில் வைத்து, இரண்டு மணித்தியாலமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வருகிறீர்களா இல்லையா?

15:25 நான்: வருகிறோம் சித்தி. நனைந்திருக்கிறோம், அப்படியே வருகிறோம்.

15:26 கோப்பாய்ச் சித்தி: கூழ் இறுகிவிட்டது. கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுக் கிளறுகிறேன். நண்டுக்கால் எல்லாம் உன் சித்தப்பா முடித்துவிட்டார்.

15:27 பெரியண்ணா: 15ஆவது வீடு. மிச்சம் இரண்டு. நாளைக்கு இரண்டையும் போட்டிருக்கிறேன்.

15:31 அப்பா: நாளைக்கு ஒரு வீடுதான். காலையில் சந்தைக்குப் போக வேண்டும்.

15:32 அண்ணி: மாமா, கத்தரிக்காய் மட்டும் மூன்று கிலோ வந்திருக்கிறதே?

15:33 அப்பா: வெண்டிக்காய் வாங்கவில்லை.