மெனிக்பாமில் பக்கத்துக் கூடாரத்து அக்காவை எப்படித் தேடுவது?

நெத்தலியாறு எழுதியது:

வணக்கம் உறவுகளே. நான் விசுவமடு. ஒரு அக்காவைத் தேடுகிறேன். எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவைப் பார்த்தால் அவர் இருக்கும் இடம் தெரியவரும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2009 இல் நாங்கள், போரில் இடம்பெயர்ந்த ஆட்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாமில் இராமநாதன் முகாமில் இருந்தோம். எனக்கு அப்போது பதினொரு வயது. பக்கத்துக் கூடாரத்தில் அந்த அக்கா, ஒரு பெடியனோடும் ஒரு சின்னப் பெட்டையோடும் இருந்தார். சின்னவளுக்குக் காய்ச்சல் கூடி, ஒரு இரவு அம்புலன்ஸ் வந்தது. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏறும்போது ஒரு சொப்பிங் பையை அம்மாவின் கையில் திணித்து, "அக்கா, இதை வைச்சிருங்கோ, வந்து வாங்குறன்" என்றார். பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை. 2010 இல் எங்களை ஊருக்கு விட்டார்கள்.

பையில் ஒரு சோடி சின்னத் தோடு, சின்னவளின் பிறப்புச் சான்றிதழ், பெடியனின் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை. இவ்வளவும் இன்றைக்கும் அம்மாவின் றங்குப் பெட்டிக்குள் அதே பையோடு இருக்கின்றன. எனக்குக் கலியாணம் பேசி நகை குறைந்தபோதுகூட அம்மா அந்தத் தோட்டைத் தொடவில்லை. இப்போது அவருக்கு மூச்சு வாங்குகிறது, தூரம் நடக்க முடியாது. "நான் கண்ணை மூட முதல் குடுத்திட வேணும்" என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறார்.

அக்காவின் முழுப்பெயர் சான்றிதழில் இருக்கிறது. ஊர் முத்தையன்கட்டு இடதுகரை என்று அவர் சொன்னது அம்மாவுக்கு நல்ல ஞாபகம். போன மாதம் அந்தப் பக்கம் போய் ஒரு கிராம அலுவலரிடம் கேட்டேன். அந்தப் பெயரில் தன் பிரிவில் இப்போது யாரும் இல்லை என்றார். பிறகு என் மச்சான் ஒருவர், உதவி என்று நினைத்து, சான்றிதழைப் படம் எடுத்து முகப்புத்தகத்தில் போட்டுவிட்டார். அம்மா அழுது அதை எடுக்க வைத்தார். அதனால் பெயரை இங்கே எழுதமாட்டேன், கேட்காதீர்கள்.

சான்றிதழ் இலக்கத்தைக் கொடுத்துப் பிறப்புப் பதிவில் தேடினால் இப்போதைய விலாசம் வருமா? வாக்காளர் இடாப்பைப் பார்க்கலாமா?

வவுனிக்குளம் எழுதியது:

தங்கச்சி, தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பதிவைப் பார்க்கலாம், ஆனால் அடையாள அட்டை இலக்கம் வேண்டும். அது உங்களிடம் இல்லையே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பிரதேச செயலகத்தில் படிவம் இருக்கும், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் சொல்லியாக வேண்டும்.

கற்சிலைமடு எழுதியது:

பிள்ளை, நான் காணிக் கிளையில் இருபத்தெட்டு வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் அம்மாவை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தகவல் உரிமைச் சட்டத்தைப் பற்றி. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. நல்ல சட்டம், அரசாங்கம் என்ன செய்தது, காசு எங்கே போனது என்று கேட்க எங்களுக்குக் கிடைத்த ஆயுதம். ஆனால் இன்னொரு தனியாளின் சொந்த விபரத்தைக் கொடுக்காமல் விட அதிலேயே இடம் இருக்கிறது, 5 ஆம் பிரிவில். ஒரு பொம்பிளைப்பிள்ளை எங்கே இருக்கிறாள் என்பதை யாரோ ஒருவருக்கு எழுதிக் கொடுப்பது சரியும் இல்லை. கேட்கிற நீங்கள் நல்ல பிள்ளை. அடுத்ததாக வருகிறவன் யார் என்று கிளாக்கருக்கு எப்படித் தெரியும்?

பிறப்புப் பதிவில் இப்போதைய விலாசம் வராது. பிள்ளை பிறந்த நாளோடு அந்தப் பதிவு நின்றுவிடும். அதோடு, பிறப்பு எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளர் பிரிவில்தான் பதிவார்கள். முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் பிறந்தால் முல்லைத்தீவு என்றுதான் இருக்கும், குடியிருந்த ஊர் அந்தப் பிரிவுப் பெயரில் தெரியாது. ஆட்கள் இந்த இடத்தில்தான் பிழையான ஊருக்குப் போய் அலைகிறார்கள்.

ஆனால் கையில் இருக்கும் சான்றிதழை இன்னொரு தரம் ஆறுதலாக வாசியுங்கள். இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, பதிவுக்குத் தகவல் கொடுத்தவரின் பெயரும் வதிவிடமும். தகப்பனோ தாயோ தகவல் கொடுத்திருந்தால், அந்த நேரம் அவர்கள் குடியிருந்த இடம் அதில் இருக்கும். மற்றது, பேரனார், அதாவது பிள்ளையின் தகப்பனுடைய தகப்பன், இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயரும் பிறந்த ஆண்டும் இடமும்.

அந்தப் பேரனார் பெயர் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். முத்தையன்கட்டு குடியேற்றத் திட்டம். இடதுகரையிலும் வலதுகரையிலும் வயலும் மேட்டுக்காணியும் வெட்டிக் கொடுத்தது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரத்தில். அந்தக் காணியை நினைத்தபடி விற்க ஏலாது. அதனால் குடும்பம் எங்கே சிதறிப்போனாலும் காணிப் பேரேட்டில் முதல் ஆளின் பெயரும் தனக்குப் பிறகு காணி சேர வேண்டிய பின்னுரித்தாளராக அவர் காட்டியவரின் பெயரும் இருக்கும். வன்னியில் ஆட்கள் எத்தனையோ தரம் இடம்பெயர்ந்தார்கள். காணித் துண்டு இலக்கம் இடம்பெயரவில்லை. ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்துக் காணிக் கிளைக்குப் போய், "இந்தப் பெரியவருக்கு இடதுகரையில் காணி இருந்ததா, அது எந்தக் கிராம அலுவலர் பிரிவில் வருகிறது" என்று மட்டும் கேளுங்கள். விலாசம் கேட்காதீர்கள். கேள்வி சின்னதாக இருந்தால் மனமுள்ள ஒரு உத்தியோகத்தர் பேரேட்டை எடுத்துப் பார்ப்பார்.

வாக்காளர் இடாப்பும் அப்படித்தான். அது கிராம அலுவலர் பிரிவு பிரிவாக, வீடு வீடாகப் போகும். பிரிவு தெரியாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது குளத்தில் ஊசி தேடுவது. நீங்கள் கண்ட கிராம அலுவலர் பொய் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் அவருடைய பிரிவுதான் அந்த அக்காவின் பிரிவா என்று உங்களுக்குத் தெரியாது அல்லவா?

இதையெல்லாம் விட நல்ல வழி அந்தத் தேர்ச்சி அறிக்கை. அதில் பள்ளிக்கூடத்தின் பெயர் இருக்கும். பள்ளிக்கூடத்துச் சேர்விடாப்பில் பிள்ளை சேர்ந்த திகதி, பெற்றார் பெயர், விலகிய திகதி எல்லாம் இருக்கும். போர் முடிந்து திரும்பி வந்து அங்கேயே படித்தானா, விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனானா என்று அதிபருக்குத் தெரியும். இடாப்பு அழிந்திருந்தாலும் பழைய ஆசிரியர் ஒருவருக்கு முகம் ஞாபகம் இருக்கும்.

போகும்போது ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போங்கள். அம்மாவின் பெயர், கூடாரம் இருந்த இடம், உங்கள் தொலைபேசி இலக்கம். பையில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டாம். உண்மையான ஆள் அதைத் தானே சொல்வார். அந்தக் கடிதத்தை அதிபரிடம் கொடுத்து, சேர்ப்பித்துவிடச் சொல்லுங்கள். அந்த அக்கா விரும்பினால் எடுப்பார். விரும்பாவிட்டால் அதற்கும் அவருக்குக் காரணம் இருக்கும். அந்த நாட்களைத் திரும்ப நினைக்க முடியாத ஆட்களை நான் கண்டிருக்கிறேன்.

பூநகரிப் பெடியன் எழுதியது:

ஐயா சொன்னதுதான் சரி. செஞ்சிலுவைக்காரர் குடும்ப உறவுகளைத் தேடிக் கொடுக்கும்போதும், கண்டுபிடித்த ஆளிடம் சம்மதம் கேட்டுத்தான் விலாசத்தைக் கொடுப்பார்கள்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பத்திரிகை மரண அறிவித்தல்களையும் அந்தியேட்டிக் கிரியைக்கு அடிக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகங்களையும் பாருங்கள். "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, பிள்ளைகள் மருமக்கள் எல்லாருடைய பெயரும் அடைப்புக்குறிக்குள் ஊரோடு வரும். நூலகம் இணையத்தளத்தில் பழைய நினைவு மலர்கள் நிறைய ஏற்றியிருக்கிறார்கள், காசு இல்லாமல் வாசிக்கலாம். என் பெரியப்பாவின் பிள்ளைகளை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். அவர்களுடைய அம்மம்மாவின் கல்வெட்டில் கடைசிப் பக்கத்தில் இருந்தார்கள்.

அக்கா, இறப்புப் பதிவில் தேடச் சொல்லி யாராவது சொன்னால் இப்போதைக்குக் கேட்காதீர்கள். அவர் உயிரோடு அம்புலன்சில் ஏறிய ஆள்.

நெத்தலியாறு எழுதியது:

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி, கற்சிலைமடு ஐயாவுக்கு விசேடமாக.

சான்றிதழைத் திரும்ப வாசித்தேன். தகவல் கொடுத்தவர் தகப்பன். வதிவிடத்தில் நனைந்து மை பரவியிருக்கிறது, வெயிலில் பிடித்துப் பார்த்தபோது "இடதுகரை" மட்டும் தெரிந்தது. காணிக் கிளைக்குப் போக முதல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதிபர் புதியவர். எனக்கு இடாப்பைக் காட்டவில்லை, தானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பெடியன் 2011 இல் விடுகைப் பத்திரம் எடுத்திருக்கிறான். எங்கே என்று நான் சொல்லமாட்டேன். கடிதத்தைத் தாங்கோ" என்றார். ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது, வற்புறுத்தவில்லை.

பன்னிரண்டாம் நாள் பின்னேரம் அழைப்பு வந்தது. குரலை அம்மா உடனே பிடித்துவிட்டார். அந்த அக்கா முதலில் கேட்டது, "உங்கட மகளுக்கு அந்தக் காலில புண் ஆறிட்டுதா?" என்று. எனக்குக் காலில் புண் இருந்ததே மறந்துபோயிருந்தது. பையில் என்ன இருந்தது என்று நாங்கள் கேட்க முதலே சொன்னார். தோடு அவருடையது இல்லையாம், அவருடைய அம்மா பேத்திக்கென்று கொடுத்ததாம். அந்த அம்மா இப்போது இல்லை. சின்னவள் சுகமாக இருக்கிறாள், போன வருடம் கலியாணம் முடித்தாள்.

வருகிற ஞாயிறு பஸ்ஸில் போகிறோம். அம்மாவுக்கு நடக்க முடியாது, ஆனால் தான் கையால் கொடுக்க வேண்டும் என்கிறார். சான்றிதழ் மடிப்பில் கிழிகிற நிலையில் இருக்கிறது. கொடுக்க முதல் லமினேற் பண்ணிக் கொடுக்கட்டுமா?

கற்சிலைமடு எழுதியது:

பண்ண வேண்டாம் பிள்ளை. மூலப் பத்திரத்தை லமினேற் செய்தால் சில அலுவலகங்களில் ஏற்கமாட்டார்கள், பிறகு பிரிக்கவும் ஏலாது. ஒரு மட்டையில் விரித்து வைத்து, தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள். இலக்கமும் திகதியும் வாசிக்கக்கூடியதாக இருந்தால் அதை வைத்துப் புதுப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஞாயிறு பஸ் குறைவு, காலையிலேயே வெளிக்கிடுங்கள்.