ஃபைனான்ஷியல் லிட்டரசி: சிறுவர்களுக்குக் ‘காசறிவு’ போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கான பயிற்சி ஏடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அச்சுச் செலவு ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வருகிறது. பணத்தைக் கையாளத் தெரிந்திருப்பதைக் குறிக்கும் ஃபைனான்ஷியல் லிட்டரசி என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருவதால், அதற்குத் தமிழில் நீங்கள் பரிந்துரைத்த மூன்று சொற்களையும் போட்டு எழுதிப் பார்த்தேன்.

‘நிதி எழுத்தறிவு’ சரியாக வரவில்லை. பால் கணக்குக்குச் சுவரில் கரிக்கோடு போடும் பாட்டிக்கு எழுத்து தெரியாது, காசு விவரம் நன்றாகத் தெரியும். ‘பொருளறிவு’ என்றால் சொல்லுக்குப் பொருள் தெரிவது என்று ஆகிவிடுகிறது. ‘நிதிசார் கல்வி’ வங்கி அறிக்கைகளில் பழகிய சொல், பெரியவர்களுக்குப் போதும். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நிதி என்றால் வெள்ள நிவாரண நிதி, இல்லாவிட்டால் பக்கத்து பெஞ்சில் இருக்கும் பெண்ணின் பெயர்.

போன வாரம் ஒரு பள்ளியில் மாதிரிப் பாடம் நடத்திப் பார்த்தோம். ஒரு பையன் சொன்னான்: “கடையில மிச்சம் ரெண்டு ரூபா தரணும். சில்லறை இல்லன்னு ரெண்டு மிட்டாய் கொடுத்துட்டாங்க.” டீச்சர் கேட்டார்: “உனக்கு மிட்டாய் வேணும்னு கேட்டியா?” அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இல்ல, நோட்டு வாங்கத்தான் போனேன்” என்றான். அப்புறம் வகுப்பு முழுக்க ஒரே பேச்சு. நாங்கள் ஏட்டில் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்ததை அந்த இரண்டு மிட்டாய் சொல்லிவிட்டது. அங்கே யார் வாயிலும் ‘நிதி’ வரவில்லை, எல்லாரும் காசு என்றார்கள்.

அதனால் என் பரிந்துரை காசறிவு. காசு + அறிவு, இயல்பாகப் புணர்கிறது. எண்ணறிவு, எழுத்தறிவு என்ற வரிசையில் மூன்றாவதாக உட்காரும். ‘காசு கொச்சை’ என்று மதுரை நண்பர் எழுதியிருந்தார். ஐயா, சோழர் கல்வெட்டுகளில் புழங்கிய சொல் அது. கீழை நாட்டுச் சில்லறை நாணயங்களை ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்று எழுதியதும் நம் காசிலிருந்துதான்.

சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு நிகர லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் சேரும். நல்ல ஏற்பாடு, அது இல்லாவிட்டால் இந்த ஏடு அச்சாகாது. ஆனால் நிறுவனத்திடமிருந்து எங்களுக்கு வந்த ஆங்கில மூலத்தில் ‘ஃபைனான்ஸ்’ என்று தொடங்கிய பாடம் ஆறாம் பக்கத்திலேயே அவர்களிடம் கணக்கு தொடங்கும் படிவத்தில் போய் நின்றது. தன் பொருளுக்கு விளம்பரப் பயன் தேடிச் செய்யும் ஆதரவு சமூகப் பொறுப்பில் சேராது என்று 2021ஆம் ஆண்டு விதித் திருத்தமே சொல்கிறது. அதைக் காட்டியதும் படிவத்தை எடுத்துவிட ஒப்புக்கொண்டார்கள். பாடம் பிள்ளையின் கையிலிருக்கும் காசிலிருந்து தொடங்கினால் அந்தப் படிவத்துக்கு அங்கே இடமே வராது.

நான் படித்தபோது பள்ளியில் சஞ்சாயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டம் இருந்தது. ஐம்பது காசு கொடுத்தால் டீச்சர் அட்டையில் வரவு வைப்பார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

அட்டையில் மட்டும் ‘நிதிசார் கல்வி’ இருக்கட்டும், அலுவலகத்தார் அந்தப் பெயரில்தான் தேடுவார்கள். உள்ளே எல்லா இடத்திலும் காசறிவு. அடுத்துத் தடுக்குவது பட்ஜெட். ‘வரவு செலவுத் திட்டம்’ இந்த வயதுக்கு நீளம். குறள் 478இல் வரும் ஆகாறு (வருவாய் வரும் வழி), போகாறு (செலவு போகும் வழி) அழகான சொற்கள், ஆனால் விளக்கம் சொல்லியே பாடவேளை முடிந்துவிடும். ‘காசுத் திட்டம்’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். வேறு தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.