ஃபிளை ஃபிஷிங்: வீசும்போது சாட்டைச் சத்தம், ஃபிளை அறுந்து போகிறது

கேள்வி
சனி, ஞாயிறு ஓய்வு என்பதால் ஃபிளை ஃபிஷிங் (பூச்சி போலக் கட்டிய ‘ஃபிளை’ என்ற கொக்கியை வீசி மீன் பிடிப்பது) பழகத் தொடங்கியிருக்கிறேன். 9 அடி, 5 வெயிட் ராட் (தூண்டில் கோல்; வெயிட் என்பது அதற்கான லைனின் எடை எண்). அதற்கேற்ற மிதக்கும் லைன் (தடித்த தூண்டில் கயிறு). பின்னால் வீசும்போது சாட்டை மாதிரி சத்தம், சற்று நேரத்தில் ஃபிளையைக் காணோம். சத்தம் வராவிட்டால் லைன் முன்னால் குவியலாக விழுகிறது. செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளில் எந்த மீனை வைத்துப் பழகலாம்?

பதில் 1
பின்னால் போன லைன் முழுதாக நீளும் முன்பே முன்னால் இழுத்துவிடுகிறீர்கள். சத்தத்துக்கும் ஃபிளை அறுவதற்கும் அதுதான் காரணம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஃபிளைக்கு எடையே இல்லை, லைன்தான் எடை. 5 வெயிட் என்றால் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம். அது பின்னால் நேராக நீண்டால்தான் ராட் வளைந்து விசை பிடிக்கும். தலையைத் திருப்பி லைனைப் பாருங்கள், நீண்டதும் முன்வீச்சு. லைன் கூடக்கூடக் காத்திருக்கும் நேரமும் கூடும்.

குவியலுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டுதான் காரணம். அது அதிகம் மடங்கினால் ராட் நுனி அரைவட்டம் போடும், லைனும் அகன்று சரியும். ராடின் அடிமுனையை முழுக்கைச் சட்டையின் கைக்குள் செருகிக்கொண்டு வீசுங்கள், மணிக்கட்டு மடங்காது. மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, சட்டென்று நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தம் இல்லாமல் லைன் விரியாது.

பதில் 2
முதல் சில வாரம் தண்ணீர் வேண்டாம், புல்தரை போதும். ஃபிளைக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் துண்டு. 25 அடி லைனுக்கு மேல் விடாதீர்கள். சிமென்ட் தரையில் பழகினால் லைனின் மேற்பூச்சு உரிந்து, மிதக்காமல் போகும். கை சோர்ந்தால் தப்பான பழக்கம் ஒட்டிக்கொள்ளும், 15 நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள்.

பதில் 3
லீடரையும் (லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு) பாருங்கள். 9 அடி லீடர், நுனியில் 5எக்ஸ் டிப்பட் (ஃபிளையைக் கட்டும் கடைசி நரம்புத் துண்டு; எக்ஸ் எண் கூடினால் மெலிதாகும்), அதாவது 0.15 மி.மீ. தடிமன். ஃபிளையின் கொக்கி அளவு எண்ணை 3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எக்ஸ் எண் வரும். 14-ஆம் எண் ஃபிளைக்கு 5எக்ஸ் சரி. முன்வீச்சில் திடீரென்று வெட்டி இழுத்தால் லீடரில் தானாக முடிச்சு விழும். விழுந்த இடத்தில் நரம்பின் பலம் பாதியாகிவிடும், வெட்டிவிட்டுப் புது டிப்பட் கட்டுங்கள். எந்த முடிச்சையும் எச்சில் தொட்டு நனைத்த பிறகே இறுக்குங்கள். காய்ந்த நரம்பு உரசிச் சூடேறிப் பலமிழக்கும்.

பதில் 4
ஜிலேபியில் தொடங்குங்கள், தம்பி. கரையோர ஆழமில்லாத தண்ணீரில் கூட்டமாக நிற்கும், 20 அடி வீச்சே போதும். 12 அல்லது 14-ஆம் எண் மணித்தலை நிம்ஃபை (தலையில் மணி கோத்த, நீர்ப்பூச்சிப் புழு போன்ற ஃபிளை) மூழ்கவிட்டு, லைனை விரற்கடை அளவாக இழுங்கள். கடி கையில் தெரியாது. லைன் நுனி நகர்ந்தாலோ நின்றாலோ ராடை மெல்ல உயர்த்துங்கள். கொக்கி முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள், கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். பல ஏரிகளில் மீன் குத்தகைக்குப் போயிருக்கும், குத்தகைக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விராலுக்கு இந்த ராட் வேண்டாம். பாசிக்குள் பாய்ந்தால் 5எக்ஸ் தாங்காது, 8 வெயிட் வேண்டும்.