அப்பாவோட எச்.எம்.டி. ஜனதா கீழே விழுந்து நின்னுடுச்சு, மெஷினையே மாத்தணுமா?

திண்டுக்கல் செல்வி:
அப்பா வேலைக்குச் சேர்ந்த புதுசுல வாங்கின ஜனதா, சாவி கொடுக்கிற வாட்ச். குளியலறை அலமாரியிலிருந்து டைல்ஸ் தரையில விழுந்துடுச்சு. கண்ணாடியில ஒரு கீறல், மத்தபடி வெளியே ஒண்ணும் தெரியலை. ஆட்டினா வினாடி முள் கொஞ்சம் நகர்ந்துட்டு நின்னுடுது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில காட்டினேன். மூடியைத் திறந்துகூடப் பார்க்கலை. "கம்பெனியே மூடியாச்சு, ஸ்பேர் கிடைக்காது. பேட்டரி மெஷின் போட்டுத் தர்றேன், 700 ரூபாய்"ங்கிறார். அப்பா தினமும் காலையில பேப்பர் படிக்கிறப்போ சாவி கொடுப்பார். பேட்டரி போட்டா அவருக்கு அது என்ன வாட்ச்? வேற வழி இருக்கா?

பழைய பட்டறை:
தங்கச்சி, வாட்ச்சை அங்கேயே விட்டுட்டு வரலையே? நல்லவேளை.

எனக்கு மதுரையில வாட்ச் பட்டறை, எங்கப்பா காலத்துலருந்து. கம்பெனி மூடினது உண்மைதான். 1961-ல ஜப்பான் சிட்டிசனோட கூட்டுச் சேர்ந்து பெங்களூர்ல வாட்ச் செய்ய ஆரம்பிச்சாங்க, 2016-ல வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு முடிவு பண்ணிடுச்சு. அதுக்காக ஸ்பேர் இல்லேன்னு ஆயிடுமா? இத்தனை வருஷம் செஞ்சு வித்த வாட்ச் ஊர் ஊரா பீரோவுல கிடக்கு. ஓடாத ஒண்ணை வாங்கி, அதுலருந்து சாமான் எடுத்து இன்னொண்ணை ஓட்டுறதுதான் எங்க பொழைப்பே. பேட்டரி மெஷின் போடுறது அரை மணி நேர வேலை, ஸ்டாஃப்னு உள்ளே ஒரு சின்ன அச்சு, அதை மாத்தணும்னா பொறுமையா உட்காரணும். அதான் சங்கதி.

முதல்ல சாவி கொடுத்துப் பாருங்க. முடிவே இல்லாம சுத்திக்கிட்டே போனா மெயின் ஸ்பிரிங், அதான் சாவி கொடுத்தா இறுகுற ஸ்பிரிங், அறுந்திருக்கு. இறுகி நின்னா அது நல்லா இருக்கு, கோளாறு வேற இடம். அப்புறம் டயல் மேலே பார்க்கிற மாதிரி மேஜைமேல வைங்க, கொஞ்ச நேரம் கழிச்சுக் கவுத்து வைங்க. எதுல ஓடுது, எதுல நிக்குதுன்னு சொல்லுங்க. ரொம்ப ஆட்டாதீங்க.

ரெட்ரோ ராஜா:
எதுக்கு இவ்வளவு பாடு? ஆன்லைன்ல புத்தம்புது மாதிரி ஜனதா ரெண்டாயிரத்துக்குள்ள கிடைக்குதே. பச்சை டயல், ஆரஞ்சு டயல்னு கலர் கலரா இருக்கு.

பழைய பட்டறை:
தம்பி, அந்தக் கலரைப் பார்த்தாலே தெரியலையா? பழைய டயலைச் சுரண்டிப் புதுசா பெயின்ட் அடிச்சு, நாலு வாட்ச் சாமானை ஒண்ணாக் கோத்தது. எழுத்தைக் கண்ணுல லென்ஸ் வச்சுப் பாரு, மை கசிஞ்சிருக்கும். போட ஆசைப்பட்டா போட்டுக்கோ, தப்பில்லை. அவங்க கேக்கிறது அப்பாவோட வாட்ச்சை.

திண்டுக்கல் செல்வி:
அண்ணே, சாவி இறுகி நிக்குது. கவுத்து வச்சா ஓடுது. டயல் மேலே இருந்தா ஒரு நிமிஷம்கூட ஓடலை.

பழைய பட்டறை:
அப்போ பாதி வேலை முடிஞ்சது. உள்ளே இங்கிட்டும் அங்கிட்டும் ஆடுற சக்கரம் பேலன்ஸ். அதோட நடு அச்சு ஸ்டாஃப். ரெண்டு முனையும் தலைமுடி கனம்தான், ஆளுக்கொரு சின்னக் கல்லுல, ஜூவல்னு சொல்வாங்களே, அதுல நிக்கும். டயல் மேலே இருக்கும்போது சக்கரத்தோட எடை பின்மூடிப் பக்கத்து முனையில விழும். அதுல நிக்குதுன்னா கோளாறு அந்தப் பக்கம்தான். டயல்ல "பாராஷாக்"னு இருக்கும் பாருங்க. விழுந்தா அடி முனையில இறங்காம இருக்க, கல்லை ஒரு சின்ன ஸ்பிரிங் பிடிச்சிருக்கும். டைல்ஸ்ல விழுந்தா அதுவும் எவ்வளவுதான் தாங்கும்?

நல்ல நேரம் இருந்தா அந்த ஸ்பிரிங் மட்டும் கழண்டிருக்கும், திரும்ப மாட்டினா தீர்ந்தது. கல்லுல விரிசல் விட்டிருந்தா கல்லை மாத்தணும். முனை மழுங்கியிருந்தா ஸ்டாஃபைத் தட்டி எடுத்துப் புதுசு அடிக்கணும், அதுக்குக் கருவியும் நிதானமும் வேணும். கருவி இல்லாதவங்க இன்னொரு மெஷின்லருந்து பேலன்ஸை, அதை ஆட வைக்கிற மெல்லிசான ஹேர்ஸ்பிரிங்கோட முழுசா எடுத்துப் போடுவாங்க. ஒரே மாடல் மெஷினா இருந்தா அதுவும் சரிதான், அப்பா வாட்ச் அப்பா வாட்ச்தான்.

எந்தக் கடைக்குப் போனாலும் பின்மூடியை உங்க முன்னாடியே திறக்கச் சொல்லுங்க, லென்ஸை வாங்கி நீங்களும் பாருங்க, போன்ல மெஷினை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. யோக்கியமான மெக்கானிக் கோவிச்சுக்க மாட்டான். கழட்டின சாமானையும் திரும்ப வாங்கிக்கோங்க. எப்படியும் பிரிக்கிறாங்க, அப்படியே கழுவி ஆயில் போட்டுச் சர்வீஸும் பண்ணச் சொல்லிடுங்க. கண்ணாடி அக்ரிலிக்தான், பாலிஷ்ல கீறல் போயிடும், மாத்த வேண்டாம்.

டயலைத் தொட விடாதீங்க. "புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்"னு ஆரம்பிப்பாங்க, அங்கேயே வேண்டாம்னு சொல்லிடுங்க.

திண்டுக்கல் செல்வி:
ரொம்ப நன்றிண்ணே. மதுரைக்கே கொண்டு வரட்டுமா? கூரியர்ல அனுப்பினா பாதுகாப்பா?

பழைய பட்டறை:
கூரியர் வேண்டாம்மா, ஒருதரம் விழுந்தது போதும். கையில கொண்டு வாங்க, டவுன்ஹால் ரோடு பக்கம் கேட்டா சொல்லுவாங்க. ஞாயிறு லீவு. முடிஞ்சா அப்பாவையும் கூட்டிட்டு வாங்க, சாவி எவ்வளவு இறுக்கிக் கொடுப்பார்னு அவர் கையால பார்க்கணும்.